‘எனக் கூறப்படுகிறது’ என்று போட்டுவிட்டால் போதுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்ப நேரம் அப்படியே உட்கார வைத்துவிட்டது. அதையும், அதோடு ஒட்டி வந்த வேறு சில கேள்விகளையும் மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களை நீக்கிவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

என் கணவர் குடிநீர் வழங்கும் ஒரு பொது நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் காசாளர். போன மாதம் ஒரு நாளிதழில் ‘குடிநீர்க் கட்டணத்தில் ரூ.38 லட்சம் சுருட்டல். காசாளர் உள்பட 3 பேர் சிக்கினர்’ என்று செய்தி வந்தது. பெயர் இல்லை, ஆனால் எங்கள் ஊரில் காசாளர் என்றால் அவர் ஒருவர்தான். தணிக்கை அறிக்கையில் அந்தத் தொகை ‘வங்கிக் கணக்கோடு நேர் செய்யப்படாதது’ என்றுதான் இருக்கிறது. சஸ்பெண்ட் இல்லை, மெமோகூட வரவில்லை. மகளிடம் பள்ளியில் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு வக்கீல் உடனே மான நஷ்ட வழக்குப் போடலாம் என்கிறார். ஆபீஸில் ‘பேசாம விடுங்க, ரெண்டு வாரத்துல மறந்துடுவாங்க’ என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

சகோதரி, மறந்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பேப்பரை மறப்பார்கள். உங்கள் கணவரைக் கவுன்ட்டரில் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தலைப்பு ஞாபகத்துக்கு வரும். அதனால் விடாதீர்கள்.

ஆனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பேப்பர் கட்டிங்கையும் தணிக்கை அறிக்கையில் அந்தப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பென்சிலை எடுத்து, எந்தெந்த வரி தப்பு என்று கோடு போடுங்கள். ‘செய்தி முழுக்கப் பொய், எங்கள் மனம் புண்பட்டது’ என்று வரும் கடிதத்தை எந்தச் செய்தி ஆசிரியரும் இரண்டாவது முறை படிக்க மாட்டார். ‘மூன்றாவது வரியில் கையாடல் என்று எழுதியிருக்கிறீர்கள், அறிக்கையின் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை, நகல் இணைத்திருக்கிறேன்’ என்று வந்தால் அவருக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

உங்கள் விஷயத்தில் வித்தியாசம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. மார்ச் 31-ம் தேதி மாலை கவுன்ட்டரில் வாங்கிய காசோலை அன்றைக்கே கேஷ் புக்கில் ஏறிவிடும், வங்கியில் பணமாவது ஏப்ரலில். ஆன்லைனில் கட்டுகிற பணம் இதற்கு நேர்மாறு: வங்கிக்கு வந்துவிடும், எந்த இணைப்பு எண்ணுக்கு என்று தெரியாமல் கணக்கில் ஏறாமல் நிற்கும். தணிக்கைக்கு வருகிறவர் இரண்டு புத்தகத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதி, விளக்கம் கேட்பார். அதற்குப் பெயர் தணிக்கைத் தடை. பதில் கொடுத்து நேர் செய்தால் தடை நீங்கும். வருஷக்கணக்கில் நேர் செய்யாமல் போட்டு வைப்பது பெரிய தவறு, திருட்டை மறைக்க வசதியான இடமும் அதுதான், அதனால் இதைச் செய்தியாக்கியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ‘ரூ.38 லட்சத்துக்குக் கணக்கு நேராகவில்லை’ என்று எழுதியிருந்தால் அது நல்ல செய்தி, உங்கள் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டிய செய்தி. ‘சுருட்டல்’ என்று எழுதினால், யார் எடுத்தார், எப்படி எடுத்தார் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பல வருஷம் செய்தி மேசையில் இருந்தவன். ராத்திரி பதினோரு மணிக்கு, மூன்று பத்தி அகலத்தில் தலைப்பு வைக்க வேண்டும், ‘கணக்கு நேர் செய்யப்படாத’ என்பது அந்த இடத்தில் உட்காராது, ‘சுருட்டல்’ உட்காரும். அப்படி நானும் வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு வீடு இருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இதுதான் உறுத்தியது.

சரி, வழிமுறைக்கு வருகிறேன். முதல் கடிதம் ஆசிரியருக்கு, பதிவுத் தபாலில். அதில் தப்பான வரிகள், சரியான தகவல், ஆதாரத்தின் நகல், மறுப்பை அதே பக்கத்தில் அதே அளவு எடுப்பாக வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். மிரட்டல் வார்த்தை ஒன்றும் வேண்டாம். செய்தி வருவதற்கு முன்னால் உங்கள் கணவரிடம் யாராவது போன் போட்டுக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதைத் தனியாக ஒரு வரியாக எழுதுங்கள். அந்த ஒரு வரி பின்னால் எல்லா இடத்திலும் உதவும்.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பலாக இருக்கிறது என்றால் பிரஸ் கவுன்சில். பத்திரிகைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற, 1978-ம் வருஷச் சட்டப்படி இயங்குகிற அமைப்பு, புதுதில்லி லோதி சாலையில் சூச்னா பவனில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆசிரியருக்கு நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி, அந்தக் கடிதத்தின் நகலையும் வந்த பதிலையும் புகாரோடு வைக்க வேண்டும். பேப்பர் கட்டிங்கும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். இந்த விஷயம் எந்தக் கோர்ட்டிலும் நிலுவையில் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும்.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். வக்கீல் சொன்னபடி இன்றைக்கே வழக்குப் போட்டால், வழக்கு முடிகிற வரை பிரஸ் கவுன்சில் இதைத் தொடாது. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறது. அதனால் முதலில் ஆசிரியர், அப்புறம் கவுன்சில், கோர்ட் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. அலுவல் ரீதியான செயலைப் பற்றிய விமர்சனத்துக்குப் பதில் சொல்ல ஊழியர் பத்திரிகைக்கோ கோர்ட்டுக்கோ போவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 19-வது விதி சொல்கிறது. மாநில அமைப்புகளிலும் இதே சாயலில் விதி இருக்கலாம். உங்கள் கணவர் தன் சர்வீஸ் ரூல்ஸைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் ஒரு விண்ணப்பம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு எழுதட்டும். நல்லது செய்யப் போய், இல்லாத மெமோவை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

பிரஸ் கவுன்சிலுக்குப் பல் இல்லை என்கிறார்களே. அங்கே போய் என்ன கிடைத்துவிடும்?
— வாசகர், விருதுநகர்

அபராதம் போட முடியாது, ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அந்தக் கண்டனத்தைப் பத்திரிகையே வெளியிட வேண்டும் என்று சொல்லலாம், அவ்வளவுதான். தலைவரையும் சேர்த்து 29 பேர், அதில் 20 பேர் பத்திரிகைத் துறையிலிருந்து வருகிறவர்கள், எம்.பி.க்கள் ஐந்து பேர். நெருக்கடி நிலைக் காலத்தில் இந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள், அதற்கப்புறம் வந்ததுதான் 1978 சட்டம்.

ஆனால் ஈரோட்டுச் சகோதரிக்கு வேண்டியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆசிரியர் ஜெயிலுக்குப் போவதா? ‘இந்தச் செய்தி சரிபார்க்கப்படாமல் வெளியிடப்பட்டது’ என்று எழுத்தில் ஒரு தாள். அதை மகளின் பள்ளி ஹெட்மாஸ்டரிடம் காட்டலாம், பணி உயர்வின்போது கோப்பில் வைக்கலாம். அதைக் கொடுக்கிற அதிகாரம் அதற்கு இருக்கிறது. டி.வி.யும் யூடியூப் சேனலும் அதன் எல்லைக்குள் வராது என்பதுதான் இன்றைக்குப் பெரிய குறை. பேப்பரில் வந்த செய்தியை அன்று மாலையே நாலு சேனல் வாசித்துவிடுகிறது, கண்டனம் அங்கெல்லாம் போய்ச் சேருவதில்லை.

நான் மின்வாரியத்தில் இருக்கிறேன். பேப்பர்காரர்கள் வாரியத்தின் பெயரை நாறடிக்கிறார்கள். ஊழியரை விடுங்கள், நிர்வாகமே ஏன் பத்திரிகை மேல் வழக்குப் போடக் கூடாது?
— வாசகர், திருச்சி

போடக் கூடாது என்பதுதான் என் பதில், இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1920-களில் சிகாகோ நகராட்சி, ‘நகராட்சி திவாலாகிவிட்டது’ என்று எழுதியதற்காக சிகாகோ ட்ரிப்யூன் மேல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1923-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அரசு ரயில்வே ஒரு ரயில்வே தொழிற்சங்கத்தின் மேல் அவதூறு வழக்குப் போட்டது, 1946-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. அதில் நீதிபதி ஷ்ரைனர் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்தது: மக்களிடமிருந்து வந்த பணத்தையே எடுத்து, நிர்வாகத்தைக் குறை சொன்னதற்காக அதே மக்கள் மேல் வழக்குப் போட அரசை அனுமதித்தால், பேச்சுச் சுதந்திரத்துக்கு அது பெரிய இடையூறாகிவிடும். 1989-ல் லண்டன் சண்டே டைம்ஸ், டெர்பிஷயர் கவுன்ட்டி கவுன்சில் தன் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை எங்கே முதலீடு செய்தது என்று கேள்வி எழுப்பி எழுதியது. கவுன்சில் வழக்குப் போட, அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1993-ல் அரசு அமைப்புக்கு அவதூறு வழக்குப் போடும் உரிமையே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது.

அடுத்த வருஷமே நம் உச்ச நீதிமன்றம் அதையே எடுத்துக்கொண்டது. 1994 அக்டோபரில் நக்கீரன் வழக்கு, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. அரசும், உள்ளாட்சி அமைப்பும், அரசு அதிகாரத்தைச் செலுத்துகிற மற்ற அமைப்புகளும் அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. அதிகாரிகளும் தங்கள் அலுவல் சம்பந்தமாக எழுதியதற்கு, எழுதியது தப்பாகவே இருந்தாலும், பத்திரிகை உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியது என்று காட்டினால்தான் நஷ்டஈடு கேட்கலாம். நியாயமான அளவு விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று காட்டினால் பத்திரிகைக்கு அது போதும்.

இங்கேதான் நான் முன்னால் சொன்ன அந்தப் போன் கால் வருகிறது. விசாரித்தாரா இல்லையா? சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? வழக்கு என்று வந்தால் அதில்தான் நிற்கும்.

வாரியம் இப்போது கம்பெனியாகிவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். 2010-ல் பிரித்தார்கள், 2024-ல் மறுபடி பிரித்துப் பெயர் மாற்றினார்கள், கம்பெனி என்ற போர்வையில் வழக்குப் போட்டுப் பார்க்க வக்கீல்கள் யோசனை சொல்லக்கூடும். கம்பத்தில் ஏறுகிற வயர்மேனின் சம்பளமும் வீட்டுக்காரர்கள் கட்டுகிற பில்லும் போகிற ஒரே பெட்டியிலிருந்துதான் அந்த வக்கீல் ஃபீஸும் போகும். தப்பான செய்தி வந்தால், அன்றைக்கே கணக்கை வெளியே வையுங்கள். காசாளர் மேல் பழி விழுந்தால், ‘அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை’ என்று நிர்வாகம் தன் லெட்டர்ஹெட்டில் ஒரு மறுப்பு அனுப்ப எவ்வளவு நேரமாகும்? ஈரோட்டில் அதைத்தான் யாரும் செய்யவில்லை. ‘ரெண்டு வாரத்துல மறந்துடுவாங்க’ என்று ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் தாலுகா நிருபர். ஒரு மின் அலுவலகத்தில் செய்யாத வேலைக்கு பில் போட்டதாக எம்.புக் (செய்த வேலையின் அளவைப் பதிவு செய்யும் புத்தகம்) பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கின்றன. அதிகாரியைக் கேட்டால் ‘நேர்ல வாங்க பேசிக்கலாம்’ என்கிறார். டெஸ்க்கில் ‘எனக் கூறப்படுகிறது என்று போட்டு அனுப்பு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறார்கள். போதுமா?
— வாசகர், தென்காசி மாவட்டம்

போதாது தம்பி. ‘கூறப்படுகிறது’ உங்களைக் காப்பாற்றாது. ஒருவர் சொன்ன பழியை நீங்கள் திருப்பிச் சொன்னால் அது நீங்கள் சொன்ன பழிதான். யார் கூறினார், எதை வைத்துக் கூறினார் என்று அடுத்த வரியில் இருந்தால் அது தகவல். இல்லையென்றால் வெறும் கிசுகிசு.

முதலில், அந்தப் பக்கங்களை அனுப்பியவர் யார் என்று உங்களுக்காவது தெரிய வேண்டும். டெண்டரில் தோற்ற இன்னொரு கான்ட்ராக்டராக இருக்கலாம். அதனால் ஆவணம் பொய்யாகிவிடாது, ஆனால் அவர் எந்தப் பக்கத்தை அனுப்பவில்லை என்று யோசிக்க வேண்டும். அவர் பெயரை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, செய்தி கொடுத்தவர் யார் என்று சொல்லும்படி பிரஸ் கவுன்சில்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் சட்டத்திலேயே 15-வது பிரிவில் அப்படி இருக்கிறது.

அப்புறம் நேரில் போய் வேலையைப் பாருங்கள். எம்.புக்கில் எத்தனை கம்பம் நட்டதாக அளவு ஏறியிருக்கிறதோ, அந்தத் தெருவில் நடந்து எண்ணுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்க மட்டும்தான் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆவணத்தையும், நடந்த வேலையையும் நேரில் பார்வையிடும் உரிமை 2(ஜே) பிரிவிலேயே இருக்கிறது. பத்து ரூபாய் விண்ணப்பம், முப்பது நாள். அவசரச் செய்திக்கு அது நீண்ட காலம்தான், ஆனால் ஓடிப்போகிற செய்தி இல்லை இது.

அதிகாரி ‘நேர்ல வாங்க’ என்றால் போகலாம், ஆனால் எழுதிய கேள்விகளோடு போங்கள். நான்கு கேள்வி, பதில் சொல்ல ஒரு தேதி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. பதில் சொன்னால் முழுவதும் போடுங்கள், கடைசிப் பத்தியில் ஒளிக்காதீர்கள். சொல்லாவிட்டால் ‘இந்தத் தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை’ என்று எழுதுங்கள். நாற்பத்தைந்து கம்பத்துக்கு பில், தெருவில் முப்பது கம்பம் என்று உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதினால் அதற்கு மேல் ‘பகீர்’, ‘அம்பலம்’ எதுவும் தேவைப்படாது.

இலங்கையில் இப்படியான செய்திகளுக்கு எங்கே முறைப்பாடு செய்வது?
— வாசகர், யாழ்ப்பாணம்

உங்களிடம் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. 1973-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பத்திரிகைப் பேரவை அரசு சார்ந்தது. 2003-ல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாடுகள் ஆணைக்குழு, ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் தாங்களே அமைத்துக்கொண்டது, திருத்தமும் பதில் உரிமையும்தான் வேண்டும் என்றால் அது ஏற்ற இடம். குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீங்கள் 2002-லேயே நீக்கிவிட்டீர்கள். இங்கே இன்னும் இருக்கிறது, 2016-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவாகத் தொடர்கிறது. மின்சார சபை, நீர் வழங்கல் சபை பற்றிய செய்தி என்றால், அரசு நிறுவனங்களின் கணக்கை ஆராய்கிற நாடாளுமன்றக் குழுவான கோப் குழு அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பத்திரிகை எழுதியதற்கும் குழு சொன்னதற்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் முறைப்பாட்டின் உடம்பு.

நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வயிறெரிந்து கரண்ட் பில் கட்டுகிறோம். பேப்பர் எழுதாவிட்டால் ஒரு ஊழலும் வெளியே வராது. நீங்கள் ஏன் இவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?
— வாசகர், ஆவடி

உங்கள் கோபம் நியாயம். பேப்பர் எழுதாவிட்டால் வெளியே வராது என்பதும் நிஜம். அதனால்தான் நிர்வாகம் வழக்குப் போடக் கூடாது என்று மேலே அவ்வளவு எழுதினேன். தமிழ்நாட்டில் அரசு வக்கீல் மூலம் ஆசிரியர்கள் மேல் வரிசையாக அவதூறு வழக்குப் போட்ட காலம் இருந்தது. இந்து என்.ராமும் வேறு பத்திரிகைக்காரர்களும் தொடுத்த மனுக்களில், 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளை ரத்து செய்தது. பத்திரிகை எழுதியதற்காக ஓர் அமைப்பு விளம்பரத்தை நிறுத்தினாலோ நிருபரை மிரட்டினாலோ பத்திரிகையே பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம். அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான்: காசாளரை மாட்டிவிட்டு, கணக்கை ஏன் இத்தனை நாளாக நேர் செய்யவில்லை என்று மேலே இருக்கிறவரைக் கேட்காமல் விடுகிற செய்தி, உங்களுக்கும்தான் துரோகம் செய்கிறது. கீழே இருக்கிறவர் பெயர் எளிதாகக் கிடைக்கும். மேலே போகப் போக ‘உயரதிகாரிகள் சிலர்’ ஆகிவிடுகிறார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின்படி கட்டண உயர்வு விண்ணப்பத்தை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்ட பிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட முடியும். அடுத்த முறை அந்த விண்ணப்பம் வரும்போது அதில் செலவுக் கணக்கைப் படித்து உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள், ஒரு பிரதியை உங்கள் ஊர் நிருபருக்கும் கொடுங்கள்.

ஈரோட்டுச் சகோதரிக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. செய்தி போன மாதம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். ஆசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்று ராத்திரியே எழுதிவிடுங்கள், நாளைக் காலையில் தபால் ஆபீஸ் திறந்ததும் பதிவு செய்து, அந்த ரசீதைக் கட்டிங்கோடு சேர்த்து வையுங்கள்.